வாகைக் கரியின் நிழல்

வளைகுடாவில், முஹரக் தீவின் பழைய கடைத்தெருவில், மீன் சந்தைக்குப் பின்னால், மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் தெருவுமாக இருந்த ஜாசிமின் ஹுக்கா கடையில் இருபத்திரண்டு வருஷமாகக் கரி பார்த்துவந்த சவரியானுக்கு, அந்த இருபத்திரண்டு வருஷத்தில் பெயர் தேய்ந்து தேய்ந்து கடைசியில் ஃபஹம் என்றே ஆகிவிட்டது. அரபியில் அதற்குக் கரி என்று அர்த்தம். கங்கு தணிந்த ஹுக்காவுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் தன் மடியில் இவருடைய நிழல் விழுவதைப் பார்த்ததும் தலையைத் தூக்காமலே ஃபஹம் என்பார், இவர் குனிவார், இடுக்கியால் பழைய கங்கை எடுத்துப் புதியதை வைப்பார், போய்விடுவார். அவருடைய அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள், மூவரும் வங்கதேசத்துக்காரர்கள், ஆனால் அவர் தூங்கும் நேரம் அவர்கள் வேலையிலும் அவர்கள் தூங்கும் நேரம் இவர் வேலையிலும் இருந்ததால் அவர்களை அவருக்குத் தலையணை வாசனையாகத்தான் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் சொந்த ஊரான மணப்பாட்டில் அவர் மனைவி ரோசம்மாள் இறந்தபோது பத்து நாள் லீவில் போய்வந்தார். திரும்பி வந்ததும் யாரும் எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை, பிள்ளைகளும் இல்லாததால் ஊரிலிருந்தும் யாரும் எப்போது வருகிறாய் என்று கேட்கவில்லை.

ஆனால் கரி விஷயத்தில் அந்தத் தெருவில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சாக்கு வந்திறங்கியதும் கோணியை விரித்துக் கொட்டி, இரண்டிரண்டாக எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். வெண்கலக் கிண்ணத்தைத் தட்டினாற்போலக் கணீரென்றால் நன்றாக வெந்த கரி, மண்ணாங்கட்டி மாதிரி தொக்கென்றால் உள்ளே ஈரமோ வேகாத கட்டையோ இருக்கிறது, அதைத் தேநீர் அடுப்புக்கு ஒதுக்கிவிடுவார். பட்டை ஒட்டிய துண்டு பொறி தெறித்து வாடிக்கையாளரின் வெள்ளை அங்கியில் ஓட்டை போடும் என்பதால் அதையும் ஒதுக்குவார். தீக்குச்சி காட்டியதுமே சீறிப் பற்றிக்கொள்கிற, மருந்து போட்ட வில்லைக் கரியை அவர் கடைக்குள் விட்டதே இல்லை; அது வாணம் விட்ட நாற்றத்தைப் புகையில் ஏற்றி நாக்கைக் கசக்கவைக்கும். நல்ல மரக்கரியைக் கம்பி அடுப்பில் வைத்து, எந்தப் பக்கமும் கறுப்பு மிச்சமில்லாமல் சிவந்து மேலே மாவு தூவினாற்போலச் சாம்பல் பூக்கும்வரை காத்திருக்க வேண்டும், அரைகுறையில் எடுத்தால் புகையிலையின் வாசனை வராது, கரி தன் சொந்தப் புகையைத்தான் தரும். பிறகு சாம்பலை உதறி, மூன்று துண்டுகளை நடுவில் குவிக்காமல் விளிம்பில் வைத்து, கால் மணிக்கு ஒருதரம் திருப்பிவிட வேண்டும். அடைத்த அறையில் எரியவிடவே கூடாது, ஆளைத் தூங்கவைத்தே கொன்றுவிடும். இருபத்திரண்டு வருஷமாக அவர் பேசிய பேச்சில் முக்கால்வாசி இந்தக் கரிகளோடுதான், அதுவும் தட்டிப் பார்த்துக் காதில் வாங்கிக்கொள்வதுதான்.

ஒரு ஜூலை மாதம், தூத்துக்குடியிலிருந்து கப்பலில் வந்த பன்னிரண்டு சாக்குகளில் ஒன்பதாவதைப் பிரித்த அன்று, உச்சிவெயிலில் தெருவோர பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாசர் என்கிற பழைய பள்ளிக்கூட பஸ் டிரைவருக்கு அந்தச் சாக்கிலிருந்து மூன்று துண்டு வைத்துவிட்டுச் சவரியான் நிமிர்ந்தபோது, ஹுக்காவைச் சுற்றித் தெருவில் ஒரு பெரிய மரத்தின் நிழல் விழுந்திருந்தது. அங்கே மரம் எதுவும் இல்லை, அந்தத் தெருவில் எந்தக் காலத்திலும் மரம் இருந்ததில்லை; இருந்தாலும் நிழல் பெஞ்சையும், எதிர்க்கடைப் படியையும், நின்றுகொண்டிருந்த டாக்ஸியின் பாதியையும் மூடிக்கொண்டு, பொடிப்பொடி இலைகளும் தட்டைத் தட்டையாகத் தொங்கும் காய்களுமாக, இல்லாத காற்றில் லேசாக அசைந்தது. நாசர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார், வெயிலில் கிடந்த செருப்புகளைக் காலால் நிழலுக்குள் இழுத்துக்கொண்டார், புகையை விட்டார், இன்றைக்குக் கரி நன்றாக இருக்கிறது என்றார். முக்கால் மணி நேரத்தில் கங்கு சிறுக்கச் சிறுக்க நிழலும் ஓரத்திலிருந்து சுருங்கி, சாம்பலானதும் இல்லாமல் போனது.

மறுநாள் ஜாசிம் பெஞ்சுகளை எல்லாம் தெருவுக்கு நகர்த்தினார். கோடையில் வெயில் உச்சியில் இருக்கும் மணிநேரங்களில் வெளிவேலை கிடையாது என்பதால், பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் நேபாளிகள் தலைக்கவசத்தைத் தலைக்கு வைத்து நிழலில் வரிசையாகப் படுத்தார்கள், மாடியில் குடியிருந்த பெண்மணி கயிற்றில் கட்டித் தன் கிளிக்கூண்டை நிழலுக்குள் இறக்கினாள், டாக்ஸிக்காரர் வண்டியின் எந்தப் பாதி நேற்று வெந்தது என்று யோசித்து, அந்தப் பாதி நிழலுக்குள் வரும்படி மாற்றி நிறுத்தினார். ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து ஒருவர் நாடாவோடு வந்து நிழலின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து எழுதினார், எழுதி முடித்ததும் பெஞ்சில் சாய்ந்து அரை மணி தூங்கினார், அப்புறம் வரவேயில்லை. அது என்ன மரம் என்பதில்தான் ஒரு வாரம் தகராறு நடந்தது. பெஷாவர்காரர் தன் அப்பாவின் தோட்டத்து மரம் என்றார், சூடான் நாட்டுக் காவலாளி ஆற்றங்கரையில் தன்னைச் சுன்னத்துக்கு உட்காரவைத்த மரம் இதுவேதான் என்றார், தேநீர் போடும் மலையாளி வாசு வடகரையில் தான் படித்த பள்ளிக்கூடத்தின் மரமென்று கிளை கிளையாகக் காட்டினான், முடிவில் அவரவர் மரம் அவரவருக்கு என்று விட்டுவிட்டார்கள். சவரியானுக்கு மட்டும் அது யாருடைய மரமாகவும் தெரியவில்லை. அவர் பிறந்த கடற்கரையில் மரம் என்றால் பனை, பனைக்கு நிழல் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது.

ஐந்தாம் நாள் அந்த நிழலுக்குள் இன்னொரு நிழல் இருப்பதை முதலில் பார்த்தவர் அவர்தான், ஏனென்றால் தரையைப் பார்த்துக் குனிகிற வேலை அவருக்குத்தான் இருந்தது. அடிமரத்தின் நிழல் விழுந்த இடத்தில், மர நிழலைவிட ஒரு மாற்று கறுப்பாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் சாயல். கொண்டை தெரிந்தது, தோளில் முந்தானையின் நுனி தெரிந்தது. ஜாசிம் அந்த இடத்தில் பெஞ்சு போடக் கூடாது என்றார். நேபாளிகள் கால் நீட்டும்போது அந்தப் பக்கம் நீட்டாமல் திரும்பிப் படுத்தார்கள். வாசு முதல் நாள் ஒரு கிளாஸ் தேநீர் வைத்தான், ஆறிப்போனதை எடுத்து ஊற்றினான், மறுநாளும் வைத்தான். அதற்குமேல் அவளைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை; பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரை விட்டுவைப்பதுபோல அவளை விட்டுவைத்தார்கள்.

சவரியானுக்கு மதியம் ஒரு மணி நேரம் ஓய்வு உண்டு, அதைக் கரி அறையின் பின்சுவரைப் பார்த்தபடி கழிப்பது வழக்கம். ஒன்பதாவது சாக்கைப் பிரித்தபிறகு ஒரு முக்காலியைக் கொண்டுவந்து அவளுக்கு இரண்டு முழம் தள்ளிப் போட்டு உட்கார ஆரம்பித்தார். முதலில் சும்மா உட்கார்ந்திருந்தார், பிறகு வெயிலைப் பற்றி ஏதோ சொன்னார், அதற்குப் பிறகு ஒருநாள், யாரிடமும் சொல்லாத ஒன்றைத் தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார். ரோசம்மாளின் அடக்கத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடி ஆணி அடித்துவிட்டிருந்தார்கள். திறக்கணுமா என்று கேட்டார்கள். சித்திரை வெயில், சனங்கள் காலையிலிருந்து நிற்கிறார்கள், பங்குச் சாமியாரும் காத்திருக்கிறார் என்று பார்த்து இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆறு வருஷமாக அந்த வேண்டாம் தொண்டையிலேயே நிற்கிறது என்றார். நிழல் எழுந்து போகவில்லை. அன்று அவர் அறைக்குப் போய், அந்த அறையில் முதன்முதலாக, நெடுநேரம் அழுதார்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தினமும் சரியாகப் பன்னிரண்டே முக்காலுக்கு எழுந்து நிற்பாள், கையை நெற்றிக்கு மேல் வைத்து இடதுபக்கமாகப் பார்ப்பாள், ஒரு பஸ் வந்து நின்று போகிற நேரம் அப்படியே நின்றுவிட்டு மறுபடி உட்கார்ந்துவிடுவாள். பன்னிரண்டே முக்கால் என்றால் ஊரில் மூன்றேகால், ஊர்ப்பக்கம் பிற்பகல் பஸ் வருகிற நேரம் என்று கணக்கிட்டுப் பார்த்தபோதுதான், இது எந்த நாட்டு நிழல் என்பது சவரியானுக்குப் பிடிபட்டது. சாக்கில் கையை விட்டு இரண்டு துண்டுகளை எடுத்துத் தட்டினார்; மற்றச் சாக்குகளில் இருந்த வேலிக்கருவையின் கணீர் ஒலி இல்லை, கொஞ்சம் மென்மையான, உள்ளே இடம் இருப்பது போன்ற ஒலி. சாக்குத் தையலில் மாட்டியிருந்த அட்டையில் கரிமூட்டம் போட்டவரின் பெயரும் கீழப்பொட்டல் என்கிற ஊரின் பெயரும் இருந்தன. தூத்துக்குடி ஏற்றுமதிக்காரரிடம் கேட்டு, அவர் சொன்ன லோடுமேனிடம் கேட்டு, மூன்று நாளில் அந்தக் கரிமூட்டக்காரரைப் பிடித்துவிட்டார்.

கரிமூட்டக்காரர் போனில் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். ராமநாதபுரம் பக்கம் கீழப்பொட்டல் விலக்கு பஸ் ஸ்டாப்பில் நின்ற வாகை அது. சாலையை அகலப்படுத்தும்போது வெட்டினார்கள், கருவையோடு சேர்த்து மூட்டம் போட்டுவிட்டேன், கலப்படம் என்றால் மன்னிக்கணும் என்றார். மரத்தை வெட்டிய நாளிலிருந்து அங்கே சேதுபாக்கியம் என்று ஒரு பொம்பளைக்கு நிழல் இல்லாமல் போய்விட்டது, தினமும் அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தவள், மரத்தோடு அதுவும் போயிருக்கும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என்றார். ஊரில் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று சவரியான் கேட்டார். முதலில் ரேஷன் கடை வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் ஆள் நிற்க யோசித்தார்கள், இப்போது பழகிவிட்டது என்றார் கரிமூட்டக்காரர். போன் நம்பரும் கொடுத்தார்.

நம்பரை வைத்துக்கொண்டு சவரியான் நாலு நாள் போன் செய்யாமல் இருந்தார். சாக்கு அடியைத் தொட்டுவிட்டது, பதினோரு துண்டுதான் மிச்சம். அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கரி அறையில் மறைத்து வைத்திருந்ததை ஜாசிம் பார்த்துவிட்டார். அடுத்த கோடைக்குப் பூட்டி வைக்கலாம், டப்பாவைக் கொடு என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்தடவையாகச் சவரியான் முடியாது என்றார். இது ஒருத்தியுடையது, அவளைக் கேட்காமல் எரிக்கவும் மாட்டேன், பூட்டவும் விடமாட்டேன் என்றார். ஜாசிம் அவரைக் கூப்பிட வாயைத் திறந்தார், எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டார். அப்படியானால் கேள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் சவரியான் போன் செய்தார். எடுத்தவளின் குரல் கொஞ்ச நாளாகப் பேசாமல் இருந்த குரல் என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது, அதே மாதிரிக் குரல்தான் அவருக்கும். யார், எங்கிருந்து, என்ன விஷயம் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அவள் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டாள்.

"அங்க அது என்ன செய்யுதுண்ணே?" என்று கேட்டாள்.

"உக்காந்திருக்கும்மா. பன்னிரண்டே முக்காலுக்கு எந்திரிச்சுப் பாக்கும். யாருக்காகம்மா காத்துக்கிட்டிருந்த?"

"யாருக்காகவும் இல்லண்ணே. எனக்கு வர்றவுக யாரும் இல்ல. மூணேகால் பஸ்ஸுல நாலு பேரு இறங்குவாக. அதுல ஒருத்தராவது, என்னக்கா இங்க உக்காந்திருக்கன்னு கேட்டுட்டுப் போவாக. அதுக்குத்தான். இப்ப ரோடு போட்டாச்சு, பஸ்ஸு இங்க நிக்கிறதில்ல."

சவரியான் பிஸ்கட் டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்தார். பிறகு, மிச்சம் பதினோரு துண்டு இருக்கிறது, ஊருக்குப் போகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன், உன் வாசலில் எரித்துப் பார், ஒட்டிக்கொண்டாலும் ஒட்டிக்கொள்ளும் என்றார். அவள் யோசித்தாள். இங்கே கொண்டுவந்தால் அதுவும் என்னோடு தனியாகத்தானே உட்கார்ந்திருக்கணும் என்றாள். அங்கே யாராவது அதனோடு பேசுகிறார்களா என்று கேட்டாள். நான் பேசுவேன் என்றார் அவர். மத்தவங்க என்றாள். மத்தவங்க கால் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள், ஒருத்தன் டீ வைக்கிறான் என்றார்.

"அப்ப எரிச்சிருங்கண்ணே," என்றாள் சேதுபாக்கியம். "ஆளுக இருக்கிற நேரமாப் பாத்து எரிங்க."

அதன்பிறகு தினம் ஒரு துண்டாக, நண்பகலில், நேபாளிகள் வந்து படுத்தபிறகு, சவரியான் எரித்தார். ஒரு துண்டை மூன்று துண்டின் நேரத்துக்கு இழுப்பது எப்படி என்று அவருக்குத் தெரியும். சாம்பலை உதறாமல் அப்படியே போர்வை மாதிரி விட்டு, காற்று படாமல் கையால் மறைத்து, திருப்பாமல் வைத்திருந்தார். அந்த நாட்களில் வாசுவிடமும் நாசரிடமும் நேபாளிகளிடமும் அவளைப் பற்றித் தனக்குத் தெரிந்த அரைகுறை அரபியிலும் இந்தியிலும் சொன்னார், அவர் அவ்வளவு சேர்ந்தாற்போலப் பேசுவார் என்பதே அவர்களுக்கு அப்போதுதான் தெரியும். பத்து நாள் முடிவதற்குள், யாரும் சொல்லாமலே, எல்லோரும் ஒரே ஒரு தமிழ் வாக்கியத்தை அவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள்.

பதினோராம் நாள் பன்னிரண்டரைக்கு அவர் சேதுபாக்கியத்துக்குப் போன் போட்டு, ஒலியைக் கூட்டி, அந்த நிழலின் பக்கத்தில் தரையில் வைத்தார். முதலில் நாசர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, என்னக்கா இங்க உக்காந்திருக்க என்றார். பிறகு வாசு கேட்டான், பெஷாவர்காரர் கேட்டார், டாக்ஸிக்காரர் கேட்டார், சூடான்காரர் தன் கனத்த குரலில் கேட்டார், நேபாளிகள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வந்து, வார்த்தைகள் வாயில் உருண்டு உடைந்து போனாலும், அதையே கேட்டார்கள், மாடிப் பெண்மணி ஜன்னலிலிருந்து கேட்டாள், கடைசியாக ஜாசிம் வந்து அங்கியை ஒதுக்கிக் குனிந்து கேட்டார். நாலாவது ஆளிலிருந்து அவள் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தாள். சும்மாதான்யா, காத்து வாங்க உக்காந்தேன், நீங்க சாப்பிட்டீகளா, வேலை முடிஞ்சிருச்சா, பாத்துப் போங்க என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றாகச் சொன்னாள், அவர்களுக்குப் புரியாது என்பது அவளுக்கும் தெரியும், யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு அவளுடைய நிழல் எழுந்து கையை நெற்றிமேல் வைத்துப் பார்த்தது. பிறகு உட்காரவில்லை. கங்கு நகத்தளவுக்கு வந்துவிட்டிருந்தது, மர நிழல் ஒரு பாயளவுக்குச் சுருங்கியிருந்தது, அவள் அதன் விளிம்புவரை நடந்து, வெயிலில் இறங்கி, வெள்ளை வெளேரென்ற தெருவில் தனியொரு கறுப்புச் சாயலாகக் கிழக்கே கடல் இருக்கும் பக்கம் போனாள். சவரியான் முக்காலியிலிருந்து எழுந்தார். அவ்வளவு நாளும் மர நிழலுக்குள் உட்கார்ந்திருந்ததில் அவருடைய நிழல் எங்கே இருந்தது என்று அவர் கவனித்ததில்லை. இப்போது கங்கு அணைந்து வெயில் முழுசாக மேலே விழுந்தபோது காலடியில் ஒன்றும் இல்லை. ஏறிட்டுப் பார்த்தார். அவளுக்கு இரண்டடி பின்னால், கொஞ்சம் கூனிக்கொண்டு, அது போய்க்கொண்டிருந்தது. அவர் அதைக் கூப்பிடவில்லை. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அது திரும்பியிருக்குமா என்பது அவருக்குத் தெரியவில்லை.

கடை அதற்கும் பழகிவிட்டது. மடியில் நிழல் விழாததால் கரி வந்திருப்பது தெரியாமல் நாசர் ஒருநாள் தலையைத் தூக்கிப் பார்த்தார், இவருடைய இடது புருவத்தில் ஒரு வெட்டுத்தழும்பு இருப்பதைப் பார்த்து அது எப்போது பட்டது என்று கேட்டார். சின்ன வயதில், நங்கூரம் இழுக்கும்போது என்றார் சவரியான். ஓ என்றார் நாசர். பேச்சு அவ்வளவுதான். பத்தாவது சாக்கு வேலிக்கருவை, பதினொன்றும் பன்னிரண்டும் அதேதான், எல்லாம் நல்ல கரி, கணீரென்ற கரி. தெருவில் வெயில் பழையபடி விழுந்தது, பெஞ்சுகள் உள்ளே போயின, நேபாளிகள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். சவரியான் மதியங்களில் பின்சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

ஒன்பது நாள் கழித்துச் சேதுபாக்கியம் போன் செய்தாள். நிழல் வந்து சேர்ந்துவிட்டது என்றாள், கடல் தாண்டி வந்ததால் ஓரமெல்லாம் வெளிறியிருக்கிறது, வெயிலில் நிற்க நிற்கக் கறுத்துவிடும் போலிருக்கிறது என்றாள்.

"அண்ணே, ரெண்டு வந்திருக்கு."

"தெரியும்மா."

"ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு வந்த நாளையிலருந்து வாசப்படிக்கு வெளியவே நிக்கிது. உள்ளயும் வரல, உக்காரவும் இல்ல. நான் என்ன செய்யட்டும்?"

சவரியான் அடுப்பில் சிவந்துகொண்டிருந்த கரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவோரம் யாரோ ஃபஹம் என்று கூப்பிட்டார்கள். அவர் எழவில்லை.

"உக்காரச் சொல்லும்மா," என்றார். "அதுகிட்ட யாரும் அப்படிச் சொன்னதில்ல."